மக்கும் குப்பைக்குக் கிடங்கில் தடை: வட்டாரக் கொள்கையில் எதை முதலில் வைப்பது?

கேள்வி: வரைவுக்குழு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். ஒரே குப்பைக் கிடங்கைப் பகிர்ந்துகொள்ளும் உள்ளாட்சிகள் சில சேர்ந்து அமைத்திருக்கும் வட்டாரக் கூட்டமைப்பு ஒன்றுக்கு, மக்கும் குப்பையைக் கிடங்கிற்கு அனுப்புவதைப் படிப்படியாகக் குறைக்கும் கொள்கையின் வரைவை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். கூட்டமைப்பில் நெருக்கமான நகரமும் உண்டு, வீடுகள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களும் உண்டு. கிடங்கு ஒன்றுதான் என்றாலும், குப்பையைச் சேகரிக்கும் ஏற்பாடு ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.

குழு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. தடையாணையை ஒரு தேதியுடன் அறிவித்துவிட்டால் மக்கும் குப்பையை உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றும் ஆலைகள் தாமாகவே வரும் என்கிறார்கள் ஒரு சாரார். ஆலை இல்லாமல் தடை விதித்தால் வீடுகளில் பிரித்து வாங்கிய குப்பையை மறுபடியும் ஒன்றாகக் கலந்து கிடங்கிலேயே கொட்ட நேரும், அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு பிரித்துத் தரவே மாட்டார்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். மூன்றாம் சாராரின் வாதத்திற்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிடங்கிற்குள் குழாய் இறக்கி எரிவாயுவை எடுத்து மின்சாரமாக்கும் வசதி ஏற்கெனவே இருக்கும்போது, மக்கும் குப்பைக்கென்று தனி வண்டியும் தனி ஆலையும் தனிச் செலவும் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள்.

தடை, கட்டணம், ஆலை ஆகிய மூன்றில் எதை முதலில் வைப்பது, யாரிடமிருந்து தொடங்குவது, சிற்றூர்களை எப்படி நடத்துவது என்பதில் அனுபவமோ வாசிப்போ உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: கிடங்குப் பொறியாளர்

மூன்றாம் சாராரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கு விடை கிடைக்காதவரை மற்ற இரண்டு சாராரும் வாதிடுவதில் பொருளில்லை. கிடங்கிலிருந்து எரிவாயு எடுக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் உணவுக்கழிவு எவ்வளவு விரைவாகச் சிதைகிறது, எரிவாயுக் குழாய் எவ்வளவு தாமதமாக இறங்குகிறது என்ற கால இடைவெளியை அந்த வாதம் கணக்கில் சேர்ப்பதில்லை. காகிதமும் மரமும் காற்றுப் புகாத ஆழத்தில் பல பத்தாண்டுகள் கிடந்து மெல்ல மக்கும். அந்த வாயுவில் பெரும்பகுதியைப் பிடிக்கலாம். உணவுக்கழிவோ கொட்டிய சிறிது காலத்திலேயே சிதையத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கிடங்கில் புதைந்த உணவுக்கழிவில் சிதையக்கூடிய கரிமத்தில் பாதி ஏறத்தாழ 3.6 ஆண்டுகளில் சிதைந்துவிடுகிறது. அந்நாட்டு விதிகளோ எரிவாயு சேகரிப்பை நிறுவுவதற்கு, குப்பை விழுந்துகொண்டிருக்கும் பகுதியில் 5 ஆண்டுகளும், நிரம்பி மூடிய பகுதியில் 2 ஆண்டுகளும் அவகாசம் தருகின்றன. குழாய் வந்து சேரும்போது வாயுவின் நல்ல பங்கு காற்றோடு போயிருக்கும்.

அதே மதிப்பீட்டில் உங்கள் குழுவின் முன் வைக்கத் தக்க எண்கள் இரண்டு உள்ளன. கிடங்கில் புதையும் உணவுக்கழிவிலிருந்து உருவாகும் மீத்தேனில் 61 விழுக்காடு பிடிபடாமல் வெளியேறுகிறது. அந்நாட்டு நகரக் குப்பைக் கிடங்குகளிலிருந்து கசியும் மொத்த மீத்தேனில் 58 விழுக்காடு உணவுக்கழிவிலிருந்து மட்டும் வருகிறது, இத்தனைக்கும் கொட்டப்படும் எடையில் உணவுக்கழிவின் பங்கு ஏறத்தாழ கால்வாசிதான். மீத்தேன் கரியமில வாயுவைவிட 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கிற்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது என்பதால், முதல் சில ஆண்டுகளில் நடக்கும் இந்தக் கசிவை அற்பமென்று தள்ளிவிட முடியாது.

எரிவாயு ஆலையை மூட வேண்டியதில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லலாம். ஏற்கெனவே புதைந்திருக்கும் குப்பை இன்னும் நெடுங்காலம் வாயு தந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் ஒன்றை உடனே சரிபாருங்கள்: எரிவாயு எடுக்கும் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இவ்வளவு குப்பை, இத்தகைய குப்பை வந்துகொண்டிருக்கும் என்று கூட்டமைப்பு உறுதியளித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு விதி இருந்தால், நீங்கள் எழுதும் கொள்கையே உங்கள் ஒப்பந்தத்தை மீறுவதாகிவிடும். கொள்கை எழுதுவோர் பலர் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

பதில் 2: கொள்கை வாசகர்

பொறியாளர் எழுதியதோடு உடன்படுகிறேன். தடையா ஆலையா என்ற கேள்விக்கு ஊகம் தேவையில்லாத அளவுக்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் முதலில் உணவுக்கழிவுத் தடை கொண்டுவந்த ஐந்து மாநிலங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியானது. கலிஃபோர்னியா, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் ஆகிய அந்த ஐந்தில், கிடங்கிற்கும் எரியுலைக்கும் போகும் குப்பை கண்கூடாகக் குறைந்தது மாசசூசெட்ஸில் மட்டும்தான். அங்கே சராசரியாக 7 விழுக்காட்டுக் குறைவு ஏற்பட்டு, நாளடைவில் 13 விழுக்காட்டைத் தொட்டது. மற்ற நான்கிலும் தடைச்சட்டம் இருந்தும், தடை இல்லாதிருந்தால் எவ்வளவு குப்பை போயிருக்குமோ ஏறத்தாழ அவ்வளவே போனது. ஆய்வாளர்கள் மூன்று காரணங்களைச் சுட்டினார்கள். மாசசூசெட்ஸில் பதப்படுத்தும் இடங்கள் நெருக்கமாக இருந்ததால் பிரித்து அனுப்புவதற்கான செலவு குறைவாக இருந்தது. விதி எளிமையாக, விலக்குகள் அதிகமின்றி இருந்தது. நேரில் வந்து சோதிப்பதும் அபராதம் விதிப்பதும் நடந்தன.

மூன்றாவது காரணத்தைவிட இரண்டாவதை நான் பெரிதாக மதிக்கிறேன். மாசசூசெட்ஸின் விதி 2014-இல் வந்தபோது, வாரத்திற்கு ஒரு டன்னுக்கு மேல் உணவுக்கழிவை அகற்றும் நிறுவனங்கள் அதைக் குப்பையில் போடக்கூடாது என்ற ஒற்றை வரியில் அதைச் சொல்லிவிட முடிந்தது. 2022 நவம்பரில் அந்த எல்லை அரை டன்னாக இறங்கியது. ஆலை இத்தனை மைலுக்குள் இருந்தால் மட்டுமே, இந்த வகை நிறுவனத்திற்கு மட்டுமே என்று விலக்குகள் பெருகப் பெருக, யார் சட்டத்திற்கு உட்பட்டவர் என்பதே அதிகாரிக்கும் தெரியாமல், கடைக்காரருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

யாரிடமிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. எடை எங்கே ஒரே இடத்தில் குவிகிறதோ அங்கிருந்து தொடங்க வேண்டும். வெர்மான்ட் 2012-இல் இயற்றிய சட்டம், ஆண்டுக்கு 104 டன்னுக்கு மேல் உணவுக்கழிவு உண்டாக்குவோரிடம் 2014-இல் தொடங்கி, 52, 26, 18 டன் என்று எல்லையை இறக்கிக்கொண்டே வந்து, 2020 ஜூலையில் வீடுகள் வரை எல்லோரையும் உள்ளடக்கியது. இந்த ஏணி ஆலைக்காரர்களுக்கும் பயன்பட்டது: அடுத்த ஆண்டு எவ்வளவு சரக்கு வரும் என்று கணக்கிட்டு முதலீடு செய்ய அவர்களால் முடிந்தது. ஆகவே உங்கள் முதல் சாராரும் இரண்டாம் சாராரும் எதிரெதிரே நிற்கத் தேவையில்லை. எதிர்காலத் தேதிகளை இன்றே சட்டத்தில் எழுதிவிட்டு, முதல் படியை இன்றிருக்கும் ஆலைகளால் தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக வைத்தால் இருவரும் கேட்பது கிடைக்கும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு ஆணை, கிடங்கிற்குப் போகும் மக்கும் நகரக் குப்பையை 1995-இன் அளவிலிருந்து 75, பின்னர் 50, இறுதியில் 2016-க்குள் 35 விழுக்காடாகக் குறைக்க வேண்டுமென்று உறுப்பு நாடுகளைப் பணித்தது. அந்த இலக்கை எட்ட இங்கிலாந்து இரண்டு கருவிகளைக் கையில் எடுத்தது. ஒன்று, உள்ளாட்சிகளுக்கு அளவு ஒதுக்கி, மிச்சப்படுத்தியவர்கள் மற்றவர்களுக்கு விற்கலாம் என்று 2005-இல் தொடங்கிய ஒதுக்கீட்டு வணிகம். ஒதுக்கீட்டை மீறினால் டன்னுக்கு 150 பவுண்டு அபராதம். மற்றொன்று, 1996-இல் டன்னுக்கு 7 பவுண்டில் தொடங்கி 2014-இல் 80 பவுண்டு வரை ஏறிய கிடங்கு வரி. வரி மட்டுமே போதிய அளவு வேலை செய்கிறது என்று அரசே முடிவெடுத்து ஒதுக்கீட்டு வணிகத்தைப் பின்னர் கைவிட்டது. நுட்பமான சந்தையை வடிவமைக்கும் ஆசை கொள்கை எழுதுவோர் எல்லோருக்கும் வரும். முன்கூட்டியே அறிவித்த வரி, அறிவித்தபடியே ஏறுவதுதான் மாற்றத்தைக் கொண்டுவருகிறது.

ஆனால் அந்த வரியிலும் ஒரு பள்ளம் உண்டு. கிடங்கிற்குப் போகாதே என்று மட்டும் சொல்லி, எங்கே போக வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஈரக்குப்பை உரக்கூடத்திற்குப் போகாமல் எரியுலைக்குப் போய்விடும். ஐரோப்பாவில் பல இடங்களில் நடந்தது அதுதான். ஒன்றியம் 2018-இல் திருத்தம் செய்து, 2023 இறுதிக்குள் உயிரிக்கழிவைத் தனியே சேகரிக்கவோ பிறந்த இடத்திலேயே மட்கச் செய்யவோ வேண்டும் என்றும், 2027 முதல் அப்படி மூலத்திலேயே பிரிக்கப்பட்டதை மட்டுமே மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்க முடியும் என்றும் விதித்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. உங்கள் வரைவில் இலக்கு இரண்டு எண்களாக இருக்கட்டும்: கிடங்கிற்குப் போவதில் எவ்வளவு குறைய வேண்டும் என்பது ஒன்று, உரமாகவோ எரிவாயுவாகவோ எவ்வளவு மாற வேண்டும் என்பது மற்றொன்று.

பதில் 3: உரக்கூடப் பொறுப்பாளர்

மேலே எழுதியவர்கள் ஆலை இருந்தால் போதும் என்பதுபோல எழுதியிருக்கிறார்கள். ஆலையை நடத்துபவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டுக்கு இத்தனை டன் கொள்ளளவு என்று பலகையில் எழுதுவது எளிது. உள்ளே வரும் சரக்கு எப்படி இருக்கிறது, வெளியே போகும் உரத்தை யார் வாங்குகிறார்கள் என்ற இரண்டும்தான் அந்தப் பலகையில் எழுதியதை உண்மையாக்கும் அல்லது பொய்யாக்கும்.

முதலில் வரும் சரக்கு. உணவுக்கழிவில் எடையில் முக்கால் பங்கு நீர். அதை மட்டும் குவித்தால் காற்று நுழையாமல் அழுகி நாறும். கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்திலும், ஈரம் பாதியளவிலும் இருந்தால்தான் குவியல் சரியாகச் சூடேறி மக்கும். அதற்கு இலைச்சருகு, மரச்சீவல் போன்ற உலர்ந்த பொருள் வேண்டும். பல ஊர்களில் தோட்டக்கழிவை வேறொரு துறை வேறோர் ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவிட்டு, உணவுக்கழிவை மட்டும் உரக்கூடத்திற்கு அனுப்புவார்கள். பிறகு நாற்றம் என்று அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, உரக்கூடத்திற்குப் பூட்டு விழும். வட்டார அளவில் கொள்கை எழுதுவதன் முதல் பயன் இந்த இரண்டையும் ஒரே கையில் சேர்ப்பதுதான். நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் அழிய வேண்டுமானால் திறந்தவெளிக் குவியல் 55 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 15 நாட்களாவது இருந்து, அதற்குள் ஐந்து முறை புரட்டப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. உங்கள் உரிம நிபந்தனையில் இப்படி அளக்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டுமே தவிர, நல்ல முறையில் நடத்த வேண்டும் என்ற பொதுச்சொல் போதாது.

அடுத்தது கலப்படம். பிளாஸ்டிக், கண்ணாடித் துண்டு, மின்கலம் எல்லாம் உரக்கூடத்து வாயிலுக்கு வந்த பிறகு பொறுக்கி எடுப்பது மிகவும் செலவு பிடிக்கும் வேலை. கண்ணாடியை முழுவதுமாக எடுக்கவே முடியாது. சோதனை நடக்க வேண்டிய இடம் வீட்டு வாசலும் கடை வாசலும்தான். வண்டியில் வரும் தூய்மைப் பணியாளருக்கு, கலந்து வைத்த தொட்டியை எடுக்காமல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போகும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாத இடத்தில் அவர் எடுக்காமல் போனால் திட்டு வாங்குவதும் அவரே, எடுத்து வந்தால் உரக்கூடத்தில் பேச்சுக் கேட்பதும் அவரே. மக்கக்கூடியது என்று அச்சிட்ட பைகளையும் தட்டுகளையும் பற்றித் தெளிவாக ஒரு முடிவெடுங்கள். அவற்றில் பல, எங்கள் குவியலில் தரப்படும் காலத்திற்குள் முழுதாக மக்குவதில்லை. மக்கினாலும் மற்ற பிளாஸ்டிக்கிலிருந்து அவற்றைக் கண்ணால் பிரித்தறிய முடிவதில்லை. ஐயம் இருந்தால் அனுமதிக்க வேண்டாம் என்பதே என் யோசனை.

உரக்கூடத்தால் எந்த வகையிலும் சரிசெய்ய முடியாத கலப்படமும் உண்டு. 2000 வாக்கில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புல்வெளிகளுக்குத் தெளித்த குளோபைரலிட் என்ற களைக்கொல்லி, வெட்டிய புல்லோடு உரக்கூடங்களுக்கு வந்து, மக்கிய பிறகும் சிதையாமல் உரத்தில் தங்கி, அதை இட்டவர்களின் தோட்டச் செடிகளைக் கெடுத்தது. அதற்குத் தீர்வு அந்தக் களைக்கொல்லியின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதில்தான் இருந்தது. உங்கள் கூட்டமைப்புக்கு அத்தகைய அதிகாரம் இல்லாமலிருக்கலாம். மேலே உள்ள அரசிடம் கேட்கும் பட்டியலில் அது இடம்பெற வேண்டும்.

வெளியே போகும் உரத்தைப் பற்றி: விற்காத உரம் உரக்கூடத்தின் இடத்தை அடைத்துக்கொண்டால் புதிய குப்பையை வாங்க முடியாது. கலிஃபோர்னியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் இலக்குகள் அல்ல. உள்ளாட்சிகளே ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 0.08 டன் வீதம், மீட்கப்பட்ட மக்கும் கழிவிலிருந்து செய்த பொருட்களை வாங்க வேண்டும் என்ற விதி. பூங்கா, சாலையோரம், மண்ணரிப்புத் தடுப்பு, பழைய கிடங்கின் மேல்மூடி என்று உள்ளாட்சிகளுக்கே உரம் தேவைப்படும் இடங்கள் நிறைய இருக்கின்றன. பிரிக்கச் சொல்லும் கூட்டமைப்பே முதல் வாங்குபவராகவும் இருக்க வேண்டும்.

கேள்வியாளரின் தொடர்ச்சி: வரைவுக்குழு உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. எரிவாயு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். குறைந்தபட்ச அளவு பற்றிய விதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். தனிச் சேகரிப்புக்கான கூடுதல் செலவைச் சிற்றூர்கள் எப்படித் தாங்கும்? வீடுகளிடம் எடைக்கேற்பக் கட்டணம் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, குப்பையை வழியோரம் வீசிவிட்டுப் போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது.

பதில் 4: கணக்குப் பிரிவுக்காரர்

செலவைக் கூட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் புதிய வண்டியின் செலவைச் சேர்த்துவிட்டுப் பழைய வண்டியின் செலவைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். ஈரக்குப்பை தனியே அடிக்கடி போய்விட்டால், மீதமுள்ள குப்பை நாறாது. அதை எடுக்க வண்டி வரும் தடவைகளைக் குறைக்கலாம். சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்தக் குறைப்பைச் செய்யாமல், பழைய வண்டியையும் அதே தடவைகள் ஓட்டிக்கொண்டு புதிய வண்டியையும் ஓட்டினால் செலவு ஏறத்தான் செய்யும். பிரிக்காமல் போடுவதற்கும் வசதியாகிவிடும்.

கட்டணத்திற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். அங்கே 1995-இல் பொதுக்குப்பைக்கு அளவுக்கேற்ற பைக்கட்டணம் வந்தது, 2005-இல் உணவுக்கழிவை நேரடியாகக் கிடங்கில் கொட்டுவது தடை செய்யப்பட்டது, 2013-இல் உணவுக்கழிவுக்கும் அளவுக்கேற்ற கட்டணம் நாடெங்கும் வந்தது. அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால் திறந்து எடைபோடும் தொட்டிகளை வைத்தார்கள். இன்று உணவுக்கழிவில் 95 விழுக்காட்டுக்கு மேல் மறுபயன்பாட்டிற்குப் போகிறது. கவனிக்க வேண்டியது இதன் வரிசையும் இடைவெளியும்: மக்கள் கட்டணத்திற்குப் பழகிய பத்தாண்டுக்குப் பிறகு தடை, அதன்பின் எட்டாண்டு கழித்துத்தான் எடைக்கட்டணம். அங்கும் குறையில்லாமல் இல்லை. உணவுக்கழிவிலிருந்து பிழிந்தெடுத்த நீரைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 2013-இல் அதுவும் தடைசெய்யப்பட்டபோது சுத்திகரிப்புக்குத் திடீர் நெருக்கடி வந்தது. உங்கள் திட்டத்தில் கழிவுநீர் எங்கே போகும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள்.

வழியோரம் வீசுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் உணவுக்கழிவுத் தொட்டிக்குக் கட்டணமே இல்லாமல் அல்லது மிகக் குறைவாக வைத்து, கலந்த குப்பைக்கு மட்டும் கட்டணத்தை ஏற்றுவது தொடக்கத்தில் பாதுகாப்பானது. அப்போது பிரித்துப் போடுபவருக்குச் செலவு குறையும், வீசுவதற்குக் காரணமும் குறையும்.

சிற்றூர்களைப் பொறுத்தவரை, மேலே ஒருவர் விலக்குகள் கூடாது என்று எழுதியதை முழுவதுமாக ஏற்க மாட்டேன். மக்கள்தொகை 7,500-க்குக் குறைவாகவும் அகற்றும் குப்பை ஆண்டுக்கு 5,000 டன்னுக்குக் குறைவாகவும் உள்ள ஊர்கள் விலக்குக் கேட்கலாம் என்றும், 4,500 அடிக்கு மேல் உள்ள இடங்களில் கரடித் தொல்லை காரணமாக உணவுக்கழிவைத் தனியே சேகரிக்கத் தேவையில்லை என்றும் கலிஃபோர்னியா விதித்தது. ஊரின் பெயரைச் சொன்னவுடன் உள்ளா வெளியா என்று தெரிந்துவிடுகிற விலக்கு யாரையும் குழப்பாது. விலக்குப் பெற்ற ஊர்களில் வீட்டுத் தோட்டத்திலேயே மட்கச் செய்யத் தொட்டியும் பயிற்சியும் கொடுத்தால், வண்டி ஓட்டும் செலவே இல்லை.

பதில் 5: கொள்கை வாசகர்

விலக்கைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் எதிர்ப்பது, விண்ணப்பம் போட்டுச் சூழ்நிலையை விளக்கிப் பெறுகிற விலக்குகளை.

வரைவை முடிப்பதற்கு முன் ஒன்று மட்டும். தேதி அறிவிக்கும் முன்பே, கிடங்கிற்கு வரும் குப்பையில் மக்கும் பங்கு எவ்வளவு என்று, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலுமாகக் கூறுபிரித்து எடைபோட்டு அடிப்படை அளவைப் பதிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஆணை 1995-இன் அளவை அடிப்படையாக வைத்தபோது, அந்த ஆண்டுக்கான நம்பத்தக்க கணக்கு பல நாடுகளிடம் இல்லாததால் மதிப்பீடுகளை வைத்தே பின்னர் இலக்கைக் கணக்கிட வேண்டியிருந்தது. எடைமேடையில் வண்டியின் மொத்த எடை மட்டும் பதிவானால், குறைந்தது ஈரக்குப்பையா, கட்டட இடிபாடா என்று எந்த ஆண்டிலும் யாராலும் சொல்ல முடியாது. சோதனை எடுக்கும் முறையையும், அதற்கான ஆண்டுத் தொகையையும் கொள்கையின் இணைப்பாக வைக்காமல் உடலிலேயே ஒரு பிரிவாக எழுதுங்கள். நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது இணைப்பில் இருப்பவைதான்.